கிள்ளிப் பார்த்த கதை

மும்பையின் தாராவியில் தோலைப் பற்றிப் பேசப் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை. 1887இல் அங்கே முதல் தோல் பதனிடும் ஷாப்பு வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த தொழிலாளிகளுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் ஆய்வுக்கூடம். மடித்து, இழுத்து, அமுக்கிப் பார்த்து, “முதுகு கெட்டி, வயிறு தொளதொள” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். மாடு அப்பீலுக்குப் போகாது. செத்த தோலில் உள்ள சௌகரியமே அதுதான்.

தோலுக்குள் ஆள் குடியிருந்தால்தான் தகராறு. கூசுகிறது என்பான், வியர்ப்பான், கையைப் பிடுங்கிக்கொள்வான். அதனால் ஐரோப்பிய மேதைகளும் முதலில் வாய் திறக்காதவர்களிடமே போனார்கள். 1834இல் பாரிஸ் அறுவை மருத்துவர் துப்பூய்த்ரான் ஓர் ஆச்சரியத்தை எழுதிவைத்தார்: ஒருவர் தன்னைத்தானே குத்திக்கொண்டது உருண்டை முனைக் குத்தூசியால், காயமோ நீளக் கீறலாக இருக்கிறது! செருப்புத் தைக்கிறவரைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கேட்கவில்லை. 1861இல் வியன்னாவின் கார்ல் லாங்கர் அதே மாதிரிக் குத்தூசியை எடுத்துக்கொண்டு பிணவறைக்குள் நுழைந்தார். தலை முதல் கால் வரை குத்தினார். அவர் வைத்தது புள்ளி மட்டும். கோலத்தைத் தோலே போட்டுக்கொண்டது. வட்டத் துளைகளெல்லாம் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு திசைக்கு நீண்டன. தோல் சும்மா போர்த்தி வைத்த துணியல்ல, எப்போதும் இழுத்துக் கட்டப்பட்டே இருக்கிறது என்பது அப்படித்தான் படத்தோடு பதிவானது. லாங்கர் கோடுகள் என்று பேரும் வந்தது, கத்தி வைக்கும் டாக்டர்கள் பாடமாகப் படித்தார்கள்.

நூறு வருஷம் கழித்து ஒரு சின்னச் சங்கடம். பிணம் முகம் சுளிக்காது, சிரிக்காது, முழங்கையை மடக்காது. உயிருள்ளவர்களிடம் பல இடங்களில் கோடு பொருந்தவில்லை. 1962இல் போர்ஹெஸ் என்ற மருத்துவர் புதுக் கோடுகளைச் சொன்னார். அவற்றைக் கண்டுபிடிக்கும் கருவி? விரலால் கிள்ளுவது! சரியான பக்கமாகக் கிள்ளினால் மடிப்பு நேராக எழும், தப்பினால் கோணிக்கொள்ளும். தாராவி விரலுக்கு உலகம் இப்படிச் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது.

ஆனால் உயிருள்ள தோலை அளந்து, வெட்டி, இழுத்து, அது பிழைக்கிறதா என்று பார்த்த பழைய சாட்சி நம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி, திப்புவின் ஆட்களிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூக்கில்லாமல் இருந்தவருக்குப் புனே அருகே ஒருவர் புது மூக்கு வைத்தார். அவர் செங்கல் அறுக்கும் வகுப்பைச் சேர்ந்தவர். மெழுகுத் தகட்டை மூக்கு மாதிரி வளைத்துப் பார்த்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்தார். கோட்டுக்குள் இருந்த தோலை உரித்தார். புருவத்துக்கு நடுவே மட்டும் ஒட்டவிட்டுக் கீழே திருப்பினார். ஒட்டுவதற்குக் காசுக்கட்டி. ஆமாம், வெற்றிலையோடு போடுகிற அதே காசுக்கட்டி. தோல் பதனிடவும் ஆகிற சரக்கு. சுமார் 25ஆம் நாள், புருவத்தருகே விட்டுவைத்த இணைப்பையும் அறுத்தாயிற்று.

பம்பாய் மாகாண மருத்துவர்கள் குரூஸோவும் ஃபிண்ட்லேயும் அருகிலிருந்து பார்த்தார்கள். 1794 அக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மேன்ஸ் மேகசின்’ படத்தோடு போட்டது. அதில் நோயாளி பேர் இருக்கிறது, வேடிக்கை பார்த்த டாக்டர்கள் பேர் இருக்கிறது. மூக்கு வைத்தவர் பேர் இல்லை. அந்தக் கால நிருபரும் நம் கால நிருபர் மாதிரியே!

இழுத்தால் தோல் ஏன் முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு முறைத்துக்கொண்டு நிற்கிறது? உள்ளே கொலாஜன் நார்கள் நெளிந்து கிடக்கின்றன. நெளிவு நிமிரும்வரை தாராளம், நிமிர்ந்ததும் பிடிவாதம். அந்தக் கொலாஜனின் மூன்றிழை அமைப்பை 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் சொன்னார்கள். அவர்களுக்கு நல்ல எக்ஸ்ரே படம் தந்தது கங்காரு வாலின் தசைநாண். மனிதன் வழக்கம்போல் ஒத்துழைக்கவில்லை போலும்.

இப்போது ஜெர்மன் கருவி இருக்கிறது. 2 மில்லிமீட்டர் வாய். தோலை உறிஞ்சித் தூக்கி, விட்டதும் எவ்வளவு திரும்பியது என்று வெளிச்சத்தால் அளக்கும். அழகு கிரீம் கம்பெனிகளுக்குப் பிடித்த பொம்மை. ஆனால் முதல் தடவை இழுத்தபோது சொன்ன பதிலைத் தோல் இரண்டாம் தடவை சொல்வதில்லை.

வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைக்கு மும்பையின் சயானிலோ செம்பூரிலோ எந்த டாக்டரும் கருவி தேடுவதில்லை. தொப்புளுக்கும் வயிற்றின் பக்கவாட்டுக்கும் நடுவே கிள்ளி விடுவார். மடிப்பு மறைய 2 விநாடிக்கு மேல் ஆனால், மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால், உடனே டிரிப். மெலிந்த குழந்தையிடம் இந்தக் கிள்ளு ஏமாற்றும், கொழுகொழு குழந்தையிடமும் ஏமாற்றும். நீங்கள் அறுபது தாண்டியவராக இருந்தால் இதைப் படித்துவிட்டுப் புறங்கையைக் கிள்ளிப் பார்த்து அலற வேண்டாம். அந்த வயதில் தோல் மெதுவாகத்தான் திரும்பும். ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள், போதும்.