முதலில் வரட்டும் சாமி!

கேள்வி: ரஜினி படமும் புது வீடியோ கேமும் ஒரே மாதத்தில் வந்தால், எதற்குக் காசு சேர்ப்பது?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: முதலில் வரட்டும் சாமி! ‘ஜிடிஏ 6’ கேம் 2025-இல் என்றார்கள். 2026 மே 26 என்றார்கள். பிறகு நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். கோடம்பாக்கத்தில் பாடம் படித்திருப்பார்கள் போல! 2017 தீபாவளிக்கு வரவேண்டிய ரஜினியின் ‘2.0’ வந்து சேர்ந்தது 2018 நவம்பர் 29-இல்தானே?

என் ஓட்டு படத்துக்கே. 2016-இல் ‘கபாலி’க்கு மாட்டுங்கா அரோரா தியேட்டர் வாசலில் கோழி கூவுமுன்பே கூட்டம். 2018-இல் வந்த ‘காலா’, உங்கள் பேட்டைக் கதை; அதில் பாதித் தாராவி சென்னையில் போட்ட செட் என்று தெரிந்தும் விசிலைக் குறைத்தீர்களா? கேம் விலை ஆறு மாதத்தில் இறங்கிவிடும். முதல் நாள் விசில் தள்ளுபடியில் கிடைக்காது. டிக்கெட்டுக்கே சேருங்கள், எனக்கும் சேர்த்து!