அடி அண்ணாமலையில் குழல்மீன்: ஒரு திணை மயக்க ஆய்வு

கடற்குதிரையின் வளைந்த உடலை நிமிர்த்தி, குனிந்த தலையை நேராக்கி, சுருண்ட வாலை நீட்டிவிட்டால் கிடைப்பது குழல்மீன். இரண்டும் சின்னாத்திடே என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றோடொன்று இணைந்த தாடை எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த அப்பெயருக்கேற்ப, இவற்றின் தாடைகள் சேர்ந்து ஊதுகுழல்போல நீண்டிருக்கும்; உடலைச் செதிலுக்கு மாறாக எலும்பு வளையங்கள் போர்த்தியிருக்கும். இம்மீனைப் பவளத் தொட்டியில், அதாவது பவளமும் அதனைச் சார்ந்த சிற்றுயிர்களும் வாழுமாறு கடல்நீர் நிரப்பி வீட்டுக்குள் அமைக்கும் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது மேலைநாட்டார் சிலரின் பொழுதுபோக்கு. திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கத்தில் அமைந்த அடி அண்ணாமலையில், ஒரு வீட்டுக் கூடத்தில் இது இயலுமா என்பதே இங்கு ஆராயப்படுவது. இக்கேள்வியைத் தமிழறிஞர் எவரும் எழுப்பாமல் விட்டது மறதியால் அன்று, அறிவுடைமையால் என்பது போகப்போக விளங்கும்.

மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல். ஒரு திணைக்குரியது இன்னொரு திணையில் வந்து கலப்பதைத் திணை மயக்கம் என்று இலக்கண நூலார் ஏற்றுக்கொண்டிருப்பதால், குறிஞ்சியின் அடிவாரத்தில் நெய்தல் மீன் நீந்துவதற்கு இலக்கணத்தில் தடையில்லை. மேலும், நெய்தலின் தெய்வம் வருணன் என்பது தொல்காப்பியம் கூறுவது. கிரிவலப் பாதையின் எண் லிங்கங்களில் மேற்குத் திசைக்குரியது வருண லிங்கம். அடி அண்ணாமலை இருப்பதும் மேற்கே. தெய்வம் முன்பே வந்து அமர்ந்துவிட்டபடியால் இனிக் கடல் ஒன்றே குறை என்று வாதிடுவாரும் உண்டாகலாம். அக்கடல் புதுச்சேரியில், சாலை வழியே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

ஆகவே கடலைக் கரைத்தே ஆக்கவேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருப்பதால், 200 லிட்டர்த் தொட்டி ஒன்றுக்கு 7 கிலோ உப்பு வேண்டும். அது சாம்பாருக்குப் போடும் உப்பு அன்று. கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் முதலியன உரிய அளவில் கலந்த, மீன்தொட்டிக்கென்றே விற்கும் உப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் பாறையின் சுவை ஏற்கனவே கரைந்திருப்பதால், அதனை ஆர்.ஓ. கருவியில் வடித்துவிட்டே இவ்வுப்பைக் கரைக்க வேண்டும். அதாவது நீரிலுள்ள உப்பை முதலில் காசு கொடுத்து எடுத்துவிட்டு, பிறகு காசு கொடுத்து உப்பைச் சேர்க்க வேண்டும். நெய்தல் நிலத்து மக்களின் உணவு, மீனும் உப்பும் விற்றுப் பெற்றது என்பர் உரையாசிரியர். அடி அண்ணாமலை நெய்தலில் மீனும் உப்பும் வாங்கி முடித்தபின் உணவுக்குக் காசு மிஞ்சாது என்னும் வேறுபாடு குறித்துக்கொள்ளத்தக்கது.

இனி வெப்பம். ஐம்பூதத் தலங்களுள் நீருக்குரியது திருவானைக்கா, நெருப்புக்குரியது திருவண்ணாமலை. சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், தொட்டி நீரை 25 டிகிரியை ஒட்டி வைத்திருக்கச் சில்லர் என்னும் குளிரூட்டி இரவும் பகலும் ஓடவேண்டும். அது நீரிலிருந்து உறிஞ்சிய சூட்டைக் கூடத்துக்குள்ளேயே கக்குவதால், மீன் குளிரும், வீட்டார் வேகுவர். கோடையில் தொட்டி நீர் நாள்தோறும் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஆதலால் குறைந்த அளவுக்கு நன்னீரையே ஊற்றவேண்டும். இந்நுட்பம் அறியாமல் நாள்தோறும் உப்புநீரையே ஊற்றி வருவது மீன் வளர்ப்பு ஆகாது, கருவாடு போடுதலின் முதற்படி ஆகும்.

உணவுப் பகுதியே இவ்வாய்வின் உயிர்நிலை. குழல்மீனுக்கு இரைப்பை கிடையாது. விழுங்கியது தங்கிச் செரிக்க இடமில்லாமல் குடல்வழியே விரைந்து போய்விடுவதால், அது பொழுதெல்லாம் உண்டுகொண்டே இருக்கவேண்டும். ஒருநாள் உணவை நிறுத்தென்றால் நிறுத்தாமலும், இருநாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றால் வாங்காமலும் துன்புறுத்திய வயிற்றை நொந்துகொண்ட ஔவையார் இம்மீனைக் கண்டிருந்தால், வயிறே இல்லாமலும் அதே தொல்லை உண்டு என்று தெளிந்திருப்பார். அது உண்ணும் முறையும் தனி. ஒரு கண் ஒரு பக்கமும் மறுகண் வேறு பக்கமுமாகச் சுழல, துடுப்புக்காலி எனப்படும் கடுகினும் சிறிய ஓட்டுயிர் ஒன்றை அது நெருங்கும், நகைக்கடையில் மாற்றுப் பார்ப்பவர் போலக் கூர்ந்து நோக்கும், பிடிக்காவிட்டால் திரும்பிக்கொள்ளும், பிடித்துவிட்டால் தலையை வெடுக்கென்று உயர்த்தி, சில மில்லி நொடிகளுக்குள் குழல்வழியே உறிஞ்சிவிடும். இந்தப் பரிசீலனை முடிவதற்குள், தொட்டியில் வேறு மீன் இருந்தால் அது தட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருக்கும். உலர்தீவனத்தைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது என்பதால், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் முட்டையை உப்புநீரில் இட்டு, ஏறக்குறைய ஒருநாள் காத்து, பொரித்த குஞ்சை வடிகட்டி வேளைதோறும் ஊட்டவேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலத்தாருக்கு அன்னதானம் செய்து பழகிய ஊருக்கும், பந்தி முடியாத இந்த அன்னதானம் புதிதே.

இம்மீனினத்தில் சூல் சுமப்பது ஆண். பாக் விரிகுடாவின் கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு தானும் ஒரு புல்லாகவே நிற்கும் ஒருவகைக் குழல்மீனுக்குச் சின்னத்தாய்டஸ் பையாக்குலியேட்டஸ் என்று பெயர். 1785இல் அதனை அறிவியலுக்கு அறிமுகம் செய்தவர் ஜெர்மானியரான பிளாக்.  இவ்வகைக் குழல்மீனில் பெண் இட்டுச்செல்லும் முட்டைகளை ஆண் தன் அடிவயிற்றில் வெளிப்படையாக ஒட்டிக்கொண்டு திரியும். வயிறில்லாத மீன் வயிற்றில் பிள்ளை சுமப்பது எங்ஙனம் எனின், தாயுமானவரைத் திருச்சி மலையிலும், கார்த்திகை தீபத்தன்று சிறிது நேரம் மட்டும் வெளிவரும் அர்த்தநாரீசுவரரை இதே அண்ணாமலையிலும் வணங்குவார்க்கு அது வியப்பன்று என்க.

முதற்பொருளாகிய நிலமும், கருப்பொருளாகிய தெய்வமும் உணவும் முடிந்தன, எஞ்சியது உரிப்பொருள். நெய்தலுக்குரிய உணர்வு இரங்கல், அதாவது வருந்திப் புலம்புதல். அது தொட்டி வைத்தவருக்கு உரியதென்பதில் கருத்து வேறுபாடு இராது; எந்த வேளையில் தொடங்கும் என்பதே வினா. அதற்கு விடை சட்டத்தில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் உரிய அதே வரிசையில், 2001இல் கடற்குதிரை சேர்க்கப்பட்டது. அடைப்புக்குறிக்குள் அதன் குடும்பம் முழுவதும் என்று எழுதப்பட்டமையால், உயிரியலார்க்கு மீனாகிய குழல்மீன் சட்டத்தார்க்குக் குதிரையாயிற்று. பாறை கட்டும் பவளங்களும் அவ்வாண்டே அவ்வட்டவணையில் ஏறின. எனவே நம் கடலின் குழல்மீனும் குற்றம்; அது ஒளியும் பவளமும் குற்றம்; தொட்டியில் சட்டத்துக்கு உட்பட்டவையாக எஞ்சுவன கண்ணாடியும் உப்பும் சில்லரும். முதல் அட்டவணை உயிர்களைப் பற்றிய குற்றத்துக்குச் சிறைத்தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை. சிறை செல்வாரின் இல்லத்தார்க்குப் பிரிவு நேரும். பிரிவு பாலைக்கு உரியது. இவ்வாறு குறிஞ்சியில் தொடங்கி நெய்தல் வழியே பாலையில் முடியும் ஒரே பொழுதுபோக்கு இதுவாகலாம்.

அடி அண்ணாமலையில் தொட்டி வைத்தே தீரவேண்டும் என்பார்க்குக் கப்பி மீன் இருக்கிறது. அதற்குக் கிணற்று நீர் போதும், கொசுப்புழுவைத் தானே தேடித் தின்னும், குட்டியைத் தாயே சுமக்கும், எந்த அட்டவணையிலும் அதன் பெயர் இல்லை.