வைத்தியரும் வம்சாவளியும்

கேள்வி: நாடி பிடிக்கிற வைத்தியர் நாடாள வந்தால் நோயாளிக்கு லாபமா, நாட்டுக்கு லாபமா? அப்படி வருகிறவரின் வம்சத்தையும் விசாரிக்க வேண்டுமா?
– மருதமுனை வாசகர்

பதில்: 1776-இல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட டாக்டர் பெஞ்சமின் ரஷ், 1793-இல் பிலடெல்பியாவில் மஞ்சட்காய்ச்சல் பரவியபோது நோயாளிகளின் இரத்தத்தைத் தாராளமாக வடித்தே சிகிச்சை செய்தவராதலால், அவர் அரசியலில் செலவிட்ட நேரமெல்லாம் நோயாளிகளுக்கு லாபமென்றே கணக்கெழுதலாம்.

நம் பாஷைக்காரர் ஒருவரைச் சொல்வதானால், 1886-இல் புதுக்கோட்டையில், கல்லூரி முதல்வரான பிராமணத் தந்தைக்கும் தேவதாசி மரபில் வந்த சந்திரம்மாளுக்கும் பிறந்து, மன்னரின் அனுமதியோடு ஆண்கள் கல்லூரியில் படித்து, 1912-இல் டாக்டராகி, 1927-இல் சென்னைச் சட்டசபையின் உபதலைவராகவும் அமர்ந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தாம் நினைவுக்கு வருகிறார். தாயின் குலத்தைக் காட்டி ஊரார் ஏளனம் செய்ய, அந்த அம்மையாரோ தாயின் குலத்துப் பெண்களைப் பிணித்திருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கே மருந்து தேடினார். அம்மருந்து சட்டமாகி வர 1947 ஆயிற்று (சட்டசபை மருந்துகள் மெதுவாகத்தான் வேலை செய்யும்). தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாற்றில் அந்நோய்க்கென்றே ஆஸ்பத்திரியும் நிறுவினார்.

வம்சம் விசாரிப்பதைப் பற்றிக் கல்முனைக் கரையோரத்து மருதமுனையாருக்கு நான் சொல்வானேன்? குடியைத் தாய்வழியில் எண்ணி, வீட்டையும் மகளுக்கே சீதனமாக எழுதிவைக்கிற நீங்களல்லவா அதைப் புதுக்கோட்டையாருக்குச் சொல்லியிருக்க வேண்டும்!