அதே பன்சலைக்குப் போனவர்கள்

கேள்வி: சமயமும் பண்பாடும் இருந்தால் மனிதர் ஒழுங்காக நடப்பார்கள்தானே? (வாசகர், இரத்மலானை)

பதில்: உங்கள் ஊரையே கேளுங்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் வீடிழந்த ஆயிரக்கணக்கான தமிழர் இரத்மலானை விமான நிலையத்தில் தஞ்சமிருந்தார்கள். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தேடி வந்த சிங்களவர்களும், அயல்வீட்டுத் தமிழரை அறைக்குள் ஒளித்துவிட்டு வாசலில் நின்று “இங்கே யாருமில்லை” என்றவர்களும் பெரும்பாலும் ஒரே பௌத்த சமயத்தவர்கள், அதே பன்சலைக்கு, அதாவது விகாரைக்குப் போனவர்கள். அப்படியானால் சமயத்தால் பயனில்லையா? உண்டு, கருணையைச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அதை யாருக்குக் காட்டுவது என்று கூட்டம் தீர்மானிக்க விட்டவர் தீ வைத்தார், தன்னையே கேட்டுப் பார்த்தவர் கதவு திறந்தார். தீ வைத்ததற்குப் பயம்தான் காரணம் என்பதையும் ஏற்கமாட்டேன். அகப்பட்டால் தன் வீடும் எரியும் என்ற பயம் ஒளித்தவருக்கே அதிகம். இந்தக் கேள்வி சிங்களவருக்கு மட்டுமானதுமல்ல. 1990 அக்டோபரில் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களைச் சில மணி நேரத்தில் வெளியேற்றியபோது, தமிழரான நம்மில் வாய் திறந்தவர் மிகச் சிலரே.