வீட்டு ஒயின் விற்பன்னர்

வீட்டு ஒயின் விற்பன்னர் பெருநகர அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காணப்படுபவர். வயது நாற்பதை ஒட்டியிருக்கும். வீட்டுக்கடன் தவணைகளில் பாதி முடிந்திருக்கும். பீரையும் விஸ்கியையும் கைவிட்டு, "நான் இப்பல்லாம் ஒயின் மட்டும்தான்" என்று அறிவிக்கும் நாளில் இவர் உருவாகிறார். அதற்கு முன் பெரும்பாலும் ஒரு சுற்றுலா நடந்திருக்கும்: நாசிக்கிலோ பெங்களூரை அடுத்த நந்தி மலைப் பக்கத்திலோ ஒரு திராட்சைத் தோட்டம், ஒரு வழிகாட்டி, வரிசையாகச் சில சிறு கிளாஸ்கள், மொத்தம் இரண்டு மணி நேரம். ஐரோப்பாவில் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை நடக்கும் அறுவடை, நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது என்ற செய்தியோடு ஊர் திரும்புவார். அடுத்த ஒரு வருடத்துக்கு எல்லா விருந்துகளிலும் முதலில் பரிமாறப்படுவது இந்தச் செய்திதான்.

குடும்பத்தில் ஒயினுக்குத் தனிச் சலுகை உண்டு. விஸ்கி என்றால் குடி; ஒயின் என்றால் திராட்சை. மாமியார்கூட "உடம்புக்கு நல்லதாமே மாப்பிள்ளை" என்று விட்டுவிடுவார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 13 சதவீத ஒயின் 150 மி.லி. குடிப்பதும், 42.8 சதவீத விஸ்கி 45 மி.லி. குடிப்பதும் ஆல்கஹால் அளவில் ஏறக்குறைய ஒன்றே. 750 மி.லி. பாட்டிலில் இப்படி ஐந்து கிளாஸ் தேறும். எல்லாவற்றையும் விளக்கும் விற்பன்னர் இந்த ஒன்றை மட்டும் விளக்குவதில்லை.

கொள்முதலில் இவருக்கு இரண்டு வழிகள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம் இருப்பதால், ஒன்று அதன் எலைட் கடை. அங்கே மண்ணின் குணம், மலைச்சரிவின் திசை பற்றியெல்லாம் பேச யாருக்கும் நேரம் இருக்காது. பின்னால் வரிசை நிற்கும். மற்றது விமான நிலையம். வெளிநாட்டிலிருந்து வருபவர் வரியின்றி 2 லிட்டர் கொண்டுவரலாம் என்பதால், உறவினர்களின் பயணத் தேதிகள் இவருக்கு மனப்பாடம். லேபிளில் பழைய ஆண்டாகத் தேடிப் பிடிப்பார். விலை குறைந்த வெள்ளை ஒயினுக்கு இது நேர்மாறான வழி; அதில் அண்மை ஆண்டே நல்லது.

வாங்கிய பாட்டில் உடனே குடிக்கப்படுவதில்லை. ஹால் ஷோகேஸில், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் மகள் வாங்கிய பேச்சுப்போட்டிக் கேடயத்துக்கும் நடுவே, விளக்கு வெளிச்சம் படும்படி நிற்கும். "நாளாக நாளாகத்தான் ருசி கூடும்" என்பது விளக்கம். ஒயினைக் கெடுப்பவை சூடு, வெளிச்சம், காற்று ஆகிய மூன்றும். ஷோகேஸ் முதல் இரண்டையும் தாராளமாகத் தருகிறது. நிற்கும் பாட்டிலில் கார்க் உலர்ந்து சுருங்கினால் மூன்றாவதும் உள்ளே போய்விடும். கடைக்கு வரும் ஒயின்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவதற்கென்றே தயாராகின்றன. விற்பன்னரின் பாட்டிலோ மகளின் கல்யாணத்துக்கு. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டிலேயே குளிர்ந்த, இருட்டான மூலையில் கார்க் பாட்டிலைப் படுக்கவைத்து, திருகுமூடிப் பாட்டிலை எப்படியாவது வைத்து, ஒரு வருடத்துக்குள் திறப்பது உத்தமம்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில்தான் தர வேண்டும் என்பது இவருடைய முதல் சட்டம். சட்டம் சரி, அறைதான் தவறு. அந்த வழக்கம் ஐரோப்பாவின் பழைய வீடுகளில், 15 முதல் 18 டிகிரி குளிரில் பிறந்தது. சென்னையில் மே மாதத்து இரவு பத்து மணிக்கும் மின்விசிறியின் கீழ் 30 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும். பழத்தின் மணம் அமுங்கிவிடும். மைத்துனன் "மாமா, ரெண்டு ஐஸ் போடலாமா?" என்று கேட்டால் விற்பன்னரின் முகம் போகும் போக்கு சொல்லத் தரமன்று. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சிவப்பை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் போதும். நாள் முழுக்க ஃபிரிட்ஜில் இருந்த வெள்ளையைக் கால் மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்தால் அது 8 முதல் 12 டிகிரிக்குள் வந்துவிடும். நுரைக்கும் ஒயின் 6 முதல் 8 டிகிரியில் நன்றாக இருக்கும்.

பாட்டிலைத் திறப்பது தனிக் காட்சி. திருகாணி கோணலாக இறங்கும், கார்க் பாதியில் முறியும், மீதி உள்ளே விழும். மனைவி யாரும் கேட்காமலே டீ வடிகட்டியோடு வந்து நிற்பதிலிருந்து இது முதல் முறை அல்ல என்று தெரியும். வடிகட்டினால் ஒயினுக்கு ஒரு குறையும் வராது. அடுத்து ஒரு வாய் மட்டும் ஊற்றிச் சுவைத்துத் தலையசைப்பார். உணவகத்தில் இந்த வழக்கம் இருப்பது, பாட்டில் கெட்டிருக்கிறதா என்று விருந்தினர் பார்த்துச் சொல்வதற்காக. கார்க் கெட்டிருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். வீட்டில் ஊற்றுபவரும் அவரே, சோதிப்பவரும் அவரே, தலையசைப்பவரும் அவரே. "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று திறந்த பாட்டிலை அரை மணி நேரம் அப்படியே வைப்பார். அந்தக் குறுகிய கழுத்தின் வழியே ஒயினில் படும் காற்று மிகச் சொற்பம். வாயகன்ற ஜாடியில் ஊற்றினால்தான் பலன். அதற்கென்றே வாங்கிய டிகேன்டரில் இப்போது மணி பிளான்ட் வளர்கிறது.

கிளாஸைச் சுழற்றுவது இவருடைய அடையாளம். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றினால் மணம் எழும். கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் ஒயினே எழுந்து சட்டைக்கு வரும். கிளாஸின் உட்புறத்தில் கோடு கோடாக வழிவதைக் காட்டி, "இதான் நல்ல ஒயினுக்கு அடையாளம்" என்பார். ஆல்கஹால் ஆவியாவதால் பரப்பு இழுவிசையில் வரும் வேறுபாடே அந்தக் கோடுகளுக்குக் காரணம் என்று ஜேம்ஸ் தாம்சன் 1855-இல் விளக்கிவிட்டார். தரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. போர்தோ ஒயின்களைத் தரவாரியாகப் பிரித்த பட்டியலும் அதே 1855-இல்தான் வெளிவந்தது. விற்பன்னர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு தாம்சனை விட்டுவிட்டார்கள்.

பிறகு வர்ணனை. பிளாக்கரன்ட், செடார் மரம், ஈரமான காட்டுத்தரை என்று அடுக்குவார். இவற்றில் எதையும் அவர் தின்றதோ முகர்ந்ததோ இல்லை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆன் நோபல் 1980-களில் உருவாக்கிய மணச்சக்கரத்தின் நோக்கமே, தெரிந்த வாசனையின் பெயரைச் சொல்லப் பழக்குவது. அதில் நனைந்த நாய்க்குக்கூட இடமுண்டு. தமிழ்ச் சமையலறையில் இதற்கான பாடநூல் அஞ்சறைப் பெட்டி. ஷிராஸ் ஒயினில் வரும் மிளகு வாசனை கற்பனை அல்ல. மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற அதே சேர்மம் அதில் இருக்கிறது. ஓக் பீப்பாயில் இருந்த ஒயினில் லவங்கம் மணப்பதும் லவங்கத்தில் உள்ள அதே யூஜினாலால்தான். சோவினியோன் பிளாங்கில் கொய்யா தெரியும். மஸ்கட் ஒயினில் கம்பம் பன்னீர் திராட்சை மணக்கும். அந்தத் திராட்சையே மஸ்கட் வகைதான். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, விற்பன்னர் பிளாக்கரன்டைத் தேடுகிறார். மூக்கைக் கண் ஏமாற்றுவதும் நிரூபிக்கப்பட்டதே. 2001-இல் வெளியான போர்தோ ஆய்வொன்றில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை, ஒயினியல் படித்த 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களே வந்தன.

உணவு மேசையில் இவருடைய இரண்டாவது சட்டம் அமலாகும்: கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை. மிளகாய் இல்லாத ஊரின் சட்டம் இது. சிவப்பு ஒயினின் துவர்ப்பும் ஆல்கஹாலும் மிளகாயின் எரிச்சலை இன்னும் கிளப்பிவிடும். ஆந்திரச் சிக்கனுக்கு 14 சதவீதச் சிவப்பு ஒயின் கொடுத்தால், விருந்தினர் கேட்பது அடுத்த கிளாஸ் அல்ல, மோர். காரமான சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிப்பான, குளிர்ந்த வெள்ளை பொருந்தும். மிளகு போட்ட மட்டன் சுக்காவுக்கு ஷிராஸ் சரி; கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கும். மீன் விஷயத்தில் சட்டம் பிழைக்கிறது: சிவப்பு ஒயினில் இரும்புச்சத்து கூடியிருந்தால் மீனோடு சேர்ந்து உலோக வாடை வரும், வறுத்த வஞ்சிரத்துக்கு வெள்ளையே நல்லது. புளிக்குழம்புக்கு எதிரே புளிப்புக் குறைந்த ஒயின் சப்பென்றாகிவிடும். பாயசத்துக்குப் பிறகு இனிப்பில்லாத ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும். பஜ்ஜிக்கும் மெதுவடைக்கும் நுரைக்கும் ஒயின் அருமையாக ஒத்துப்போகும். எண்ணெய்ப் பிசுக்கை அது கழுவிவிடும். ரசம் சாதத்துக்கு அப்பளம் போதும்.

மிஞ்சிய ஒயினை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று முதல் ஐந்து நாள் தாங்கும். சிவப்பும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். விற்பன்னர் அதைப் பத்தாவது நாள் எடுத்து முகர்ந்து, "இப்பதான் பக்குவம் வந்திருக்கு" என்பார். அதற்குள் மனைவி பாதியை மட்டன் குழம்பில் ஊற்றியிருப்பார். குழம்பு நன்றாக இருந்ததாகச் சாப்பிடும்போது சொன்னவர்களில் விற்பன்னரும் ஒருவர்.

இவரை விருந்துக்கு அழைப்போருக்கு எளிய வழி உண்டு: பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி மேசையில் வைப்பது. நாடு, ஆண்டு, விலை மூன்றும் மறைந்துவிட்டால் அவருக்கு மிஞ்சுவது பிடித்திருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்விதான். அதற்குப் பதில் வர வெகு நேரம் ஆகும். அந்த இடைவெளியில் மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துவிடலாம்.