கான்டோ மூலமும் திருத்திய பதிப்பும்: ஒரு பாடபேத ஆய்வு

பதிப்பியல் அறிஞர்கள் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்திருக்கிறார்கள். கேம் பாய் கேசட் தேடி எவரும் அலைந்ததாகத் தெரியவில்லை. அக்குறையை நீக்கவே இவ்வாய்வு. எடுத்துக்கொண்ட நூல், கேம் பாய் கைக்கருவியில் ஆடும் போக்கிமான் ஆட்டம். மூலம் 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் சிவப்பு, பச்சை என இரு படிகளாக வெளிவந்தது. ஒரு சிறுவன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, கான்டோ நாடெங்கும் திரிந்து பிராணிகளைப் பிடித்துச் சேர்ப்பதே நூற்பொருள். இயற்றிய சதோஷி தஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர் என்பதால் இதைத் தன்வரலாறு என்று கொள்வாரும் உளர். திருத்திய பதிப்பு 2004-ல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது. பெயர் ஃபயர்ரெட், லீஃப்கிரீன்.

இரு படிகளிலும் எல்லாப் பிராணிகளும் இல்லை. ஒன்றில் உள்ள சில மற்றதில் விடுபட்டிருக்கும். சுவடிகளில் இது கரையானின் வேலை. இங்கே ஆசிரியரின் வேலை. நண்பனின் கருவியோடு கேபிள் கோத்து மாற்றிக்கொண்டால்தான் நூல் முழுமையடையும்.

இனிப் பானவியல். இந்நூலில் நாயகனை வழிமறிப்போர் பலர். அவர்களை அசைப்பது பெரும்பாலும் வீரமன்று, குடிநீர். விரிடியன் நகரில் பாதையை அடைத்துக் கிடக்கும் கிழவர் ஜப்பானிய மூலத்தில் போதையில் கிடக்கிறார். 1998-ல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் பாடத்திலோ அவர் காலைக் காபி குடிக்காதவர். காபி இல்லாமல் தெருவில் விழுந்து கிடப்பது இயல்புதானா என்று ஐயுறுவோர், காலை ஆறு மணிக்குப் பால் வராத வீட்டைப் பார்த்ததில்லை என்க. அடுத்து, சஃப்ரன் நகர வாயில்களில் நிற்கும் காவலர்கள். மூலத்தில் தானியங்கி எந்திரத்தில் காசு போட்டு தண்ணீர், சோடா, லெமனேடு எதை வாங்கிக் கொடுத்தாலும் வழிவிடுவர். ஒரே ஒரு புட்டிதான். அதில் நான்கு வாயில்களிலும் உள்ளோர் தாகம் தீரும். 2004 பதிப்பு இதை வெட்டிவிட்டு, செலடன் நகரில் ஒரு பாட்டி தரும் தேநீர் என்று பாடம் கொள்கிறது. மூலபாடமே சிறந்தது என்பது எம் துணிபு. என்னை? காவலர்க்குச் செலவழித்து நாமே ஏதாவது வாங்கித் தந்தால்தான் அது காரியமாகும். பாட்டி தந்ததைக் கைமாற்றிக் கொடுப்பது வெறும் தூது.

அடுத்து எண்கணித சோதிடம். 1998 ஆங்கிலப் பாடத்தில், அந்தக் கிழவர் தெளிந்தபின் பிராணி பிடிக்கக் கற்றுத்தருவார். அந்தச் சிறுபொழுதில் திரையில் அவர் பெயர் தெரியவேண்டும். அதற்காக நிரல், ஆட்டக்காரர் பெயரை ஓரிடத்தில் ஒதுக்கி வைக்கிறது. அந்த இடமோ, எந்த நிலத்தில் எந்தப் பிராணி வரும் என்று குறிக்கும் பட்டியலுக்கு உரியது. உடனே சின்னபார் தீவுக்குப் பறந்து கிழக்குக் கரையோரம் நீந்தினால் அந்தப் பட்டியல் புதுப்பிக்கப்படாமலே கிடக்கும்; நம் பெயரின் எழுத்துகளே பிராணிகளாக எழுந்து வரும். அவற்றுள் தலையாயது 'மிஸ்ஸிங்நோ' என்னும் உருக்குலைந்த ஒன்று. அதைக் கண்டவர் பையில் ஆறாவதாக இருக்கும் பொருள் நூற்றுக்கு மேல் பெருகும். பெயரெழுத்தை மாற்றினால் வாழ்க்கை மாறும் என்று நம்மூரில் பலகை மாட்டியிருப்போர்க்கு இதைவிட உறுதியான சான்று வேறெங்கும் கிடையாது. 2004 பதிப்பாசிரியர்கள் இப்பகுதியை எழுத்துப்பிழை என்று நீக்கிவிட்டார்கள். பதிப்பியல் நெறிப்படி சரி. வாசகர் நோக்கில் கொள்ளை.

இடைச்செருகல்கள் இருவகை. முதலாவது ஆசிரியர் குழுவே செய்தது. வேலை முடியும் தறுவாயில், பிழை தேடும் கருவிகளை அகற்றியதும் கேசட்டில் சொற்ப இடம் மிஞ்ச, நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ 'மியூ' என்ற 151-ஆவது பிராணியை அங்கே செருகினார். ஆட்டத்துக்குள் அதைப் பிடிக்க முறையான வழியே இல்லை. 1996-ல் கோரோகோரோ இதழ் குலுக்கலில் 20 பேருக்கு மட்டும் கிட்டியது. மற்றவர்க்கு எட்டாததால் ஒரு வாய்மொழி மரபு கிளைத்தது: வெர்மிலியன் துறைமுகத்தில் நிற்கும் லாரியைத் தள்ளினால் அடியில் மியூ இருக்கும் என்பது. லாரி அசையாது, அடியில் எதுவும் கிடையாது. 2004 பதிப்பாசிரியர் இங்கேதான் தம் மேதைமையைக் காட்டுகிறார். லாரியை எடுக்கவில்லை, மியூவையும் வைக்கவில்லை. அருகே ஒரு லாவா பிஸ்கட்டை ஒளித்து வைத்தார். நாட்டார் வழக்காற்றுக்கு ஒரு பதிப்பாசிரியர் செலுத்திய மரியாதையில் இதற்கு இணை யாம் கண்டதில்லை.

இரண்டாவது இடைச்செருகல் செவி தீவுகள்; மூலத்தில் இல்லாத ஏழு தீவுகள், நீளம் அதிகம், சுவை குறைவு. ஆனால் அதே பதிப்பில் ஒரு வைதிகமும் உண்டு. கோல்பேட் என்னும் வௌவால் பின்வந்த நூலில் க்ரோபேட்டாக வளர்வது. இங்கே ஆட்டத்தின் பிற்பகுதி வரை, வளர முனைந்து பாதியில் நின்றுவிடும். மூலநூலில் க்ரோபேட் இல்லையாம். அத்துடன் ஒவ்வொரு முறை ஆட்டத்தைத் திறக்கும்போதும் கடைசியாக நாம் செய்தவற்றைப் போட்டுக் காட்டுகிறார்கள். வாரப் பத்திரிகைத் தொடர்கதை படித்தவர்க்கு இந்த முன்கதைச் சுருக்கம் புதிதன்று.

2018-ல் ஸ்விட்சுக்கு வந்த 'லெட்ஸ் கோ' பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காட்டுப் பிராணிகளோடு பெரும்பாலும் சண்டை இல்லை, பந்தை வீசிப் பிடித்துக்கொண்டே போகலாம். அது பதிப்பன்று, சிறுவர்க்கான சுருக்கம்.

ஒரு பாடம் மட்டும் 2004-லும் எழுத்துப் பிசகாமல் காக்கப்பட்டிருக்கிறது. செருலியன் நகரில் சைக்கிள் விலை 10,00,000. நாயகன் பணப்பை கொள்வது 9,99,999. வாங்கவே முடியாது. வெர்மிலியன் ரசிகர் மன்றத் தலைவர் தம் பிராணியின் பெருமையை விரித்துரைப்பதை முழுக்கக் கேட்போர்க்கு அந்தச் சைக்கிளுக்கு இலவசச் சீட்டு உண்டு. மறுபடி ஆடப் புகுவோர் அவர் பேச்சை நடுவில் வெட்டிவிட்டுப் போய்விட வேண்டாம்.