மிச்சம் ரெண்டு முந்திரி

வாடா பேராண்டி, திண்ணையில உக்காரு. மாசம் பொறந்தா டியூசனுக்குப் பணம் கட்டுற புள்ளை, உன்கிட்ட கணக்குக் கத்துக்கலாம்னு பார்த்தேன்.

அரையும் காலும் எவ்வளவுன்னு உன் தங்கச்சி கேட்டதுக்கு, மேலே இருக்கிறதை மேலேயும் கீழே இருக்கிறதைக் கீழேயும் கூட்டி "ஆறில் ரெண்டு"ன்னியே! அதாவது மூணில் ஒண்ணு. அரைப்படி அரிசி கிடந்த பானையில இன்னொரு கால்படி போட்டதும், அரிசி அரைப்படிக்கும் கீழே எறங்கிடுச்சு. அந்தக் காலத்துல பண்ணையாருங்க உன்னை மாதிரி ஆளைத்தான் கணக்கப்பிள்ளையா வெக்கத் தேடுவாங்க.

நான் அஞ்சாவதோட நின்னவன். ஆனா 1957ல நயா பைசா வர்ற வரைக்கும் எங்க ரூபாய்க்குப் பதினாறணா. அரைன்னா எட்டணா, கால்னா நாலணா, கூட்டினா பன்னெண்டணா. முக்கால் வந்துடுச்சா? ரெண்டையும் ஒரே சில்லறையா மாத்திட்டுக் கூட்டு. இதுக்குத்தான் உங்க வாத்தியார் மீ.பொ.ம.ன்னு பேர் வெச்சுப் பயமுறுத்துறார்.

அரையை அரைக்காலால வகுத்தா நாலுன்னேன். "வகுத்தா குறையணுமே தாத்தா"ன்னு முழிச்ச. உங்க ஆத்தாகிட்ட ஆழாக்கை வாங்கி அரைப்படி பாலை அளந்து பாரு. ஆழாக்குன்னா அரைக்கால் படி, படிக்கு எட்டு ஆழாக்கு. அரைப்படியில எத்தனை தடவை மொள்ளுவ? நாலு. இதுக்குப் போய் தலைகீழாக் கவிழ்த்துப் பெருக்குன்னு மனப்பாடம்!

எங்க சுவடியில பேரைச் சொன்னாலே பாதிக் கணக்கு முடிஞ்சுடும். மான்னா இருபதில் ஒண்ணு. காணின்னா எண்பதில் ஒண்ணு. மாவுல நாலு காணி இருக்கு, அதோட இன்னொரு காணி சேர்ந்தா அஞ்சு. எண்பதில் அஞ்சு, அதாவது பதினாறில் ஒண்ணு. அதுக்கு என்ன பேர் தெரியுமா? மாகாணி! கூட்டின கணக்கையே பேரா வெச்சுட்டாங்க. வீசம்னாலும் அதுதான். முக்காலோட மூணு வீசம் சேர்ந்தா பதினாறில் பதினஞ்சு. நீ சொல்ற கணக்குல முக்காலே மூணு வீசம் தப்பு, புரியுதா?

இதுக்கெல்லாம் அடியில முந்திரி இருக்கு. பாயசத்துல கிடக்கிறது இல்லடா, 320ல் ஒண்ணு. மாவுக்குப் பதினாறு முந்திரி, மாகாணிக்கு இருபது.

சரி, சொந்தக் கணக்குக்கு வருவோம். எனக்கு இருக்கிறது ஒரு வேலி, 2000 குழி. உங்கப்பனோட சேர்த்து ஆம்பிளைப் புள்ளைங்க மூணு. வேலியோட 320 முந்திரியை மூணாப் பிரிச்சா ஆளுக்கு 106, மிச்சம் ரெண்டு முந்திரி. அதாவது வாய்க்காலோரம் பன்னெண்டரைக் குழி. அது என் பேர்லயே கிடக்கட்டும். அரையும் காலும் முக்கால்னு சொல்ற பேரனுக்கோ பேத்திக்கோ எழுதி வெக்கிறேன். உன் தங்கச்சிக்கு நேத்தே வந்துடுச்சு.